எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்த பொன்னியின் செல்வன்

"கிண்டில் வாங்கலாமா, புத்தகமாவே வாங்கலாமா, இல்ல ஆடியோவுல கேட்டுக்கலாமா?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். குரோம்பேட்டையில் ரயிலேறிக் கடற்கரை வரை தினமும் போகிறவள் நான். கையில் ஏதாவது ஒன்று இருக்கும், அல்லது காதில் ஏதாவது ஓடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கேட்பது நியாயம்தான். முன்பெல்லாம் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிடுவேன். மூன்று வருஷமாக அப்படிச் சொல்ல வருவதில்லை. "யார் படிக்கப் போறாங்க? எப்போ? என்ன புத்தகம்?" என்று திருப்பிக் கேட்கிறேன். இப்படிக் கேட்க வைத்தது அம்மாவின் கண்.

அம்மாவுக்கு இப்போது 72 வயது. எங்கள் வீட்டுக்கு ஒரே நாவல் மூன்று உருவத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் அம்மாச்சிக்காக, பிறகு இரண்டு முறை அம்மாவுக்காக. அந்தக் கதையைச் சொன்னாலே கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் வந்தது காகிதம். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, கும்பகோணத்தில் இருந்த அம்மாச்சி வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு பாகம் முடிந்ததும் பைண்டு. பத்திரிகை வாங்கிய பல வீடுகளில் அன்றைக்கு இதுதான் வழக்கம். ஐந்து பாகத்துக்கு ஐந்து கனத்த தொகுதிகள். முதுகில் கறுப்புக் காலிகோ துணி, மேலே அம்மாச்சியின் கையெழுத்தில் பாகத்தின் பெயர்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம். கதைப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் கதைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது இருக்கும். ஒரு சோப்பு விளம்பரம், ஒரு துணுக்கு, யாரோ எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தி. நடுநடுவே மணியம் வரைந்த படங்கள்.

அந்தத் தொகுதிகளில்தான் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். நான் பத்தாம் வகுப்பு விடுமுறையில் படித்தேன், இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் கனக்கக் கனக்க. அப்போதே நான்கு தொகுதிகள்தான் இருந்தன. 'கொலைவாள்' இரவல் போய்த் திரும்பவே இல்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் அம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் கோபம் இல்லை. "அவ நாலு பேருக்குக் குடுத்திருப்பா, அவங்க நாலு பேருக்குக் குடுத்திருப்பாங்க. எங்கயோ யாரோ படிச்சிட்டுதான் இருப்பாங்க" என்பார். ராமபாணப் பூச்சி அரித்தது, மழை ஒழுகி ஓரம் பழுத்தது எல்லாம் போக மிச்சம் இருப்பதை வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அம்மா செய்தித்தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, "இந்தப் பத்தியில எல்லா வரியும் நடுவுல வளைஞ்சிருக்கு" என்றார். அச்சுக்கோளாறு என்று நினைத்திருக்கிறார். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, வயதினால் வருவது, மாகுலர் டிஜெனரேஷன் என்றார். ஓரப் பார்வை இருக்கும், நடுப்பார்வை மங்கும். நேர்க்கோடு வளைந்து தெரிவது அதன் அடையாளங்களில் ஒன்று. கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, காபி போடும் முன் பார்த்துவிடுவார். எந்த எழுத்தைப் பார்க்கிறோமோ அந்த எழுத்தே மறைகிறது, பக்கத்தில் இருப்பது தெரிகிறது. படிக்கிறவருக்கு இதைவிடக் கொடுமையான நோய் ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

முதலில் பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம் தேடினேன். அலைந்ததுதான் மிச்சம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் தமிழில் ஒரு காலத்தில் 'பெரிய எழுத்து' என்றே ஒரு புத்தக வகை இருந்தது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்து நல்லதங்காள் என்று இரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் சென்னையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். திருவிழாக் கடைகளில் விற்றது. தத்தித் தத்திப் படிப்பவர்கள், விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுபவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் அந்த எழுத்து உதவியது. இன்றைக்குப் பொன்னியின் செல்வனின் மலிவுப் பதிப்புகளைப் பாருங்கள். ஐந்து பாகத்தையும் குறைந்த பக்கத்தில் அடக்க எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். விலை குறைவு என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் பழைய நாவல்களைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்பதைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும். அவர்களுக்காகப் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று போடக் கூடாதா? தேவைக்கேற்ப நூறு பிரதி மட்டும் அச்சிடும் வசதி இப்போது இருக்கிறதே.

அச்சில் கிடைக்காததால் இரண்டாவது முறை பொன்னியின் செல்வன் மின்புத்தகமாக வந்தது. இதற்குக் காசே ஆகவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, ஐந்து பாகத்தையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் செய்த வேலை அது. சங்க நூல்கள் தொடங்கி எத்தனையோ அதில் இருக்கின்றன. இதைப் பற்றித் தெரியாமல் கருவி மட்டும் வாங்குபவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டிவிட்டுத்தான் விடுவேன்.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இ-ரீடரை ஒரு சின்ன டேப்லெட் என்று பலர் நினைக்கிறார்கள். திரையே வேறு. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நிற்கும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. மேலே விழும் வெளிச்சத்தில்தான் தெரிகிறது, காகிதம் போல. நடு மதிய வெயிலில் மொபைல் கண்ணாடியாகிவிடும், இது இன்னும் தெளிவாகும். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் பிறந்த இந்த நுட்பத்துக்காக 1997-இல் நிறுவனம் தொடங்கினார்கள். 2007 நவம்பரில் கிண்டில் வந்தது. தமிழ்ப் புத்தகங்களைக் கிண்டில் கடை விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்.

அம்மாவுக்கு எழுத்தின் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தேன். முதல் இரண்டு மாதம் பண்டிகைதான். "புது வெள்ளம் முடிஞ்சிடுச்சு" என்று அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னார். பிறகு கண் இன்னும் கொஞ்சம் மங்கியது, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதானது. அப்போதுதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் தெரிந்தது. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை, காலம், எச்சம், உம்மை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் மொழி. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களையும்' என்பது ஒரே சொல். ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு ஒரு சொல்கூட முழுதாக நிற்காது. எங்கே உடையுமோ அங்கே உடையும். அம்மா பாதிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தேடுவார். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு சொல், உடனே திருப்ப வேண்டும். காய்ந்த விரல் நுனியைத் திரை சில சமயம் கண்டுகொள்ளாது. ஒரு முறை தட்டினால் திரும்பாது, அழுத்தித் தட்டினால் இரண்டு பக்கம் போய்விடும்.

கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்காக வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டு அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இ-ரீடரின் திரை வெள்ளை அல்ல, வெளிர் சாம்பல். நமக்கு அது கண்ணுக்கு இதம். அம்மாவைப் போன்றவர்களுக்கு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வித்தியாசம் போதாமல் போகலாம். பத்து அங்குல டேப்லெட்டில் கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து வைத்தபோது அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் முடியாது, ஆனால் அந்த அரை மணி நேரம் முழுசாகப் படித்தார். வாங்கும் முன் யாரிடமாவது இரண்டையும் இரவல் வாங்கி, அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதையோ நான் சொல்வதையோ நம்ப வேண்டாம், அவர்கள் கண் சொல்வதை நம்புங்கள்.

இன்னொன்று. அம்மா அடிக்கடி "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்பார். கருவி நாற்பத்து மூன்று சதவீதம் என்று காட்டும். அது அவருக்குப் பதிலே இல்லை. பைண்டு செய்த தொகுதியில் இடது கைப்பக்கம் எவ்வளவு தடிமன், வலது கைப்பக்கம் எவ்வளவு மிச்சம் என்பது விரலுக்கே தெரியும். இது வயதானவர்களின் பழக்கம் மட்டும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நார்வேயின் ஆன் மாங்கன் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேருக்கு ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்தார்கள். பாதிப்பேருக்குக் காகிதத்தில், பாதிப்பேருக்குக் கிண்டிலில். கதை புரிந்ததில் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது காகிதத்தில் படித்தவர்கள் மேலாகச் செய்தார்கள். பொன்னியின் செல்வன் போல, கடம்பூர் மாளிகையில் கேட்ட ஒரு பேச்சு நான்கு பாகம் கழித்து வந்து நிற்கும் கதையில் இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொன்னாலும் என் சொந்த உபயோகத்துக்கு இ-ரீடரை விட மாட்டேன். என்னுடையது சுமார் 200 கிராம். மாம்பலத்தில் கூட்டம் ஏறும்போது ஒரு கை கம்பியில், ஒரு கையில் 800 பக்க நாவல். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' முழுவதையும் அப்படித்தான் படித்தேன். அதுவும் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. குரோம்பேட்டைக்கும் எழும்பூருக்கும் நடுவில் இரண்டு அத்தியாயம் முடிந்துவிடும். கடைகளில் இல்லாமல் போன புத்தகங்கள் கிடைப்பது இதில்தான். டொரோண்டோவில் இருக்கும் என் சித்தி மகளுக்குச் சென்னையில் இன்று வந்த நாவல் இன்றே கிடைக்கிறது. முன்பு யாராவது ஊருக்கு வந்து போகும்போது பெட்டியில் இடம் இருந்தால்தான் உண்டு. மலையாகச் சேர்ந்த புத்தகங்களோடு வாடகை வீடு மாறுகிறவர்கள் இதன் அருமையை நான் சொல்லாமலே அறிவார்கள்.

ஆனால் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளைப் படிக்கத்தான் கருவி என்றால் யோசியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறது. எல்லாம் பக்கத்தின் படம். படத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஆறு அங்குலத்தில் அது தண்டனை. அதற்குப் பெரிய டேப்லெட்தான் சரி.

காசு கொடுத்து வாங்கிய மின்புத்தகம் நம்முடையதா என்பது வேறு கேள்வி. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் போயின, பணம் மட்டும் திரும்பி வந்தது. நாம் வாங்குவது புத்தகம் அல்ல, படிக்க ஒரு அனுமதி. அம்மாவின் 'கொலைவாள்' மாதிரி அதை நாலு பேருக்குக் கொடுத்துத் தொலைக்கக்கூட முடியாது.

அதற்காகக் காகிதம் சாசுவதம் என்று நான் சொல்ல மாட்டேன். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றில் சில உலகில் வேறு எங்கும் இல்லாதவை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து யாரும் படிக்கும்படி வைக்கும் நூலகம் தளம் 2005-இல் தொடங்கியது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாம்பல்தான் நினைவுக்கு வரும். காகிதமும் அழியும், கோப்பும் அழியும். இரண்டிலும் இருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை பொன்னியின் செல்வன் காது வழியாக வந்தது. இதைப் பலர் வாசித்திருக்கிறார்கள். பாம்பே கண்ணன் குழுவினர் நடிகர்களை வைத்து, பாத்திரத்துக்கு ஒரு குரலாகச் செய்தது பெயர் பெற்றது. ஒரே ஆள் முழுவதையும் படிக்கும் வடிவங்களும் உண்டு. அம்மா முதல் நாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நந்தினி இப்படிப் பேச மாட்டா" என்றார். அறுபது வருஷத்துக்கு மேலாக அவர் மனத்தில் ஒரு நந்தினி பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னொருத்தி வந்து பேசினால் எப்படி ஏற்பார்? பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டவர், காயை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடும் இடம். அச்சில் அம்மா பாட்டுகளைத் தாண்டிப் போய்விடுவாராம். காதில் விழுந்தபோதுதான் அது பாட்டு என்று உறைத்தது என்றார்.

தொடருக்கென்று எழுதிய நாவல் ஒலிப்புத்தகத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கொக்கி, அடுத்த வாரம் வரை காத்திரு என்று. அம்மா ஒரு நாளைக்கு இரண்டே அத்தியாயம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அம்மாச்சி வாரம் முழுக்கக் காத்திருந்ததை நினைத்துக்கொள்வாராம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். நான் கூட்டிக் கேட்பவள். இதில் எங்களுக்குள் தீராத வழக்கு உண்டு.

தமிழில் ஒலிப்புத்தகத்துக்கு ஒரு தனிக் கஷ்டமும் தனி லாபமும் இருக்கின்றன. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. வாசிப்பவர் எழுத்துத் தமிழை அப்படியே உச்சரித்தால் மேடைப் பேச்சு ஆகிவிடும், பேச்சாக மாற்றினால் ஆசிரியரின் நடை போய்விடும். நல்ல வாசிப்பாளர்கள் விவரிப்பை ஒரு சுருதியிலும் உரையாடலை வேறு சுருதியிலும் வைத்துக் கடந்துவிடுகிறார்கள். வட்டார வழக்கில் எழுதியவற்றில்தான் காது ஜெயிக்கிறது. கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சை அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் படிக்கக் கேட்டால், அச்சில் நாம் தடுக்கி விழுந்த சொல்லெல்லாம் தானாகப் புரிகிறது. கடற்கரை மக்களின் பேச்சில் ஜோ டி குரூஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' நாவலில் பாதி அகராதிக்கும் அகப்படாது. உரக்கப் படித்தால் அர்த்தம் கூடவே வரும். டீக்கடையில் ஒருவர் பேப்பர் படிக்க நாலு பேர் கேட்டதும், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கக் கேட்டதும் நமக்குப் புதிதா என்ன? 'வாசிப்பது' என்றால் உரக்கப் படிப்பது என்ற பொருளிலும்தானே அந்தச் சொல்லை வைத்திருந்தோம்.

கேட்பது படிப்பதாகுமா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பெத் ரோகவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நூலின் பகுதிகளைச் சிலர் மின்திரையில் படித்தார்கள், சிலர் கேட்டார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். உடனே கேட்டபோதும் இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் புரிதலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. என் அனுபவம் இதற்கு ஒரு எல்லை போடுகிறது. கதை, தன்வரலாறு, பயணம் எல்லாம் காதில் நிற்கின்றன. ஒரு பொருளாதார நூலைக் கேட்டுப் பார்த்தேன். எண்கள் ஒரு காதில் நுழைந்து பல்லாவரத்திலேயே இறங்கிவிட்டன. திரும்பிப் பார்க்க வேண்டிய புத்தகம், ஓரத்தில் பென்சிலால் கோடு போட வேண்டிய புத்தகம், உரையோடு படிக்கும் பழம்பாடல் எல்லாம் எனக்குக் காகிதம்தான்.

காதுக்கு வேறு சங்கடங்களும் உண்டு. அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார், கதை ஓடிக்கொண்டே இருக்கும். புத்தகம் என்றால் தூங்கியவுடன் மார்பில் கவிழ்ந்து அதே பக்கத்தில் காத்திருக்கும். இருபது நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்தது அந்த வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்தது. ஒரு செயலியில் சந்தா முடிந்த அன்று கதை 'மணிமகுடம்' நடுவில் நின்றுவிட்டது. அட்டை மாறியதால் பணம் போகவில்லை, நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அம்மா சாயங்காலம் வரை மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து, கோப்பாக வைத்துக்கொள்ளக் கூடியதை மட்டும் அம்மாவுக்காக வாங்குகிறேன்.

ஒலிவடிவம் இல்லாத புத்தகங்களுக்கு மொபைலே படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. தமிழில் 'க' என்ற ஓர் எழுத்து கல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். இயந்திரக் குரல் அதை இப்போது பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. செய்திக்கு அம்மா அதைப் பயன்படுத்துகிறார். கதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். "ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற மாதிரி இருக்கு. அது அழற இடத்துலயும் அப்படியேதான் படிக்குது."

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக ஒரு நூலை ஒலியாகவோ வேறு வடிவமாகவோ மாற்றித் தருவதை நம் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்துக்குப் பிறகு அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இப்படி மாற்றிய நூல்கள் பல மொழிகளில் சேர்கின்றன. முழுதாகப் பார்வை இழந்தவர்கள் மட்டும் அல்ல, அம்மாவைப் போலப் பார்வை குறைந்தவர்களும் சேரலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள். நாமே படித்து மொபைலில் பதிவு செய்தும் தரலாம். நான் சில சிறுகதைகளை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு என் வாசிப்பில் ஒரே குறை, அவசரம்.

நாவல் ஒலியில் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைண்டு தொகுதியை எடுத்துவரச் சொன்னார். "அதான் கேட்டு முடிச்சாச்சே, எதுக்கும்மா?" என்றேன். "கதை வேண்டாம். மத்ததைப் படி" என்றார். மற்றது என்றால், பின்பக்கத்து விளம்பரம், துணுக்கு, அந்த வாரத்து விலை, அம்மாச்சி ஓரத்தில் எழுதி வைத்த பால் கணக்கு. மின்புத்தகத்திலும் இவை இல்லை, ஒலியிலும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு அதுதான் வேலை. நான் படிப்பேன், படம் வந்தால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

போன வாரம் முதல் தொகுதியில், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் படம். குதிரையின் முன்னங்கால் இருக்கும் இடத்தில் காகிதம் ஒரு மாதிரி மங்கிக் கிடந்தது. "கால் கிட்ட பூச்சி அரிச்சிருக்கும்மா" என்றேன்.

"பூச்சி இல்லடி. உன் பெரிய மாமா சின்னப் பிள்ளையில கிழிச்சது. அம்மாச்சி பசை போட்டு ஒட்டினா. தடவிப் பாரு."

தடவிப் பார்த்தேன். ஒட்டிய இடம் மேடாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.